கார் கேள்வி – பதில்: இன்டேக் மாற்றியதும் எரியும் மஞ்சள் விளக்கு

கேள்வி: என்னுடையது 2014 மாடல் 1.5 லிட்டர் பெட்ரோல் செடான். ராமமூர்த்தி நகரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஆபீஸ், அவ்வப்போது கிருஷ்ணகிரி பக்கம் ஊருக்கு. போன மாதம் கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் அலுமினியக் குழாயும் கோன் ஃபில்டரும் உள்ள இன்டேக் கிட் போட்டேன். முதல் சில நாள் சத்தமும் பிக்கப்பும் அருமை. அப்புறம் செக் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது, சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். ஏறி இறங்குகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து பி0171 என்றார்கள். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றணும் என்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: வேண்டாம், பர்ஸை உள்ளே வையுங்கள். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்களே, அந்தக் கதையாக நம் ஊரில் இந்தக் கோட் வந்தால் முதலில் அந்த சென்சாரைத்தான் மாற்றுகிறார்கள். அந்த சென்சாரே கெட்டிருந்தால் பெரும்பாலும் அதற்கென்று உள்ள வேறு கோட்தான் வரும். அதோடு, நேற்றுவரை நன்றாக இருந்த ஒன்று நீங்கள் குழாயை மாற்றிய வாரத்தில் தானாகப் போனது என்பதை நம்புவது கஷ்டம்.

உள்ளே நடப்பது இதுதான். உங்கள் வண்டியில் ஏர் ஃபில்டருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே, காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் இருக்கிறது. அதற்குள் சூடாக்கப்பட்ட மெல்லிய ஒரு கம்பி அல்லது படலம். மேலே ஓடும் காற்று அதைக் குளிர வைக்கும், மறுபடி சூடேற்ற எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்பதை வைத்து எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்று கணக்கு வரும். அந்தக் கணக்குப்படி கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. எரிந்து வெளியே வரும் புகையை ஆக்சிஜன் சென்சார் பார்த்து கூட, குறைய என்று தகவல் கொடுக்கிறது, அதற்கேற்ப பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருக்கிறது கம்ப்யூட்டர். இந்தத் திருத்தத்துக்குத்தான் ஃப்யூல் ட்ரிம் என்று பெயர். நல்ல வண்டியில் இது கூட்டியோ குறைத்தோ ஐந்து சதவீதத்துக்குள் ஆடும், பத்துவரை போனாலும் பரவாயில்லை. இருபத்தைந்தை ஒட்டிப் போய்விட்டால் கம்ப்யூட்டர் கையை விரித்து விளக்கைப் போட்டுவிடும். அதுவும் உடனே போடாது, பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே தப்பைப் பார்த்த பிறகுதான். முதல் சில நாள் அருமையாக ஓடியதற்குக் காரணம் அதுதான். கோளாறு அன்றைக்கே வந்திருக்கும்.

ஆக உங்கள் வண்டியில் இரண்டில் ஒன்று நடக்கிறது. சென்சார் பார்க்காத காற்று பின்வழியாக உள்ளே நுழைகிறது, இல்லையென்றால் எல்லாக் காற்றும் சென்சாரைத் தாண்டித்தான் போகிறது, ஆனால் சென்சார் குறைத்துச் சொல்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஒரு புளூடூத் ஸ்கேனரும் போனும் போதும், ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு முனை உள்ள சாக்கெட்டில் சொருகுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, லாங் டெர்ம் ட்ரிம் (நாள்பட்ட திருத்தம்), ஷார்ட் டெர்ம் ட்ரிம் (அந்தந்த நொடித் திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். முதலில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது. அப்புறம் ஆக்சிலரேட்டரைப் பிடித்து 2500 ஆர்.பி.எம்.மில் அரை நிமிஷம்.

ஐடிலில் கூட்டல் இருபதுக்கு மேல் காட்டி, 2500-இல் ஏழு, எட்டு என்று இறங்கினால் அது லீக். ஐடிலில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஒரு சின்ன ஓட்டை பெரிய பங்கு. வேகம் கூடினால் அதே ஓட்டை ஒன்றுமில்லாமல் போய்விடும். மாறாக, ஐடிலில் சுமாராக இருந்து, வேகமும் பாரமும் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் சென்சார்தான் குறைத்துச் சொல்கிறது. ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

ஐடிலில் ஆர்.பி.எம். ஆடுகிறது என்று எழுதியிருப்பதால் என் சந்தேகம் முதலில் லீக் மேல்தான். டார்ச் லைட்டோடு பானெட்டைத் திறந்து, வால்வு கவரிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரும் பிரீதர் ஹோஸைத் தேடுங்கள். கம்பெனி குழாயில் அதற்கென்று ஒரு மூக்கு இருக்கும். மார்க்கெட்டில் வரும் பொதுக் குழாய்களில் அந்த மூக்கு சில சமயம் இருக்காது, இருந்தாலும் அளவு சேராது. மாட்டுகிறவர் ஹோஸை அப்படியே தொங்கவிடுவார், அல்லது ஒரு குட்டி ஃபில்டரைச் சொருகிவிடுவார், பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். ஆனால் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து, அங்கே சேரும் ஆவியை உறிஞ்ச வைத்திருக்கும் பி.சி.வி. வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்டுக்குப் போகிற காற்று இப்போது சென்சாரைத் தொடாத வெளிக்காற்று. பி0171-க்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அது சரியாக இருந்தால் அடுத்தது சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவிலுள்ள ரப்பர், சிலிக்கான் இணைப்புகள். ஹோஸ் கிளிப்பை இறுக்கியிருப்பார்கள், ஆனால் குழாய் உள்ளே முழுதாகப் போயிருக்காது. எஞ்சின் ஆடும்போது அடிப்பக்கம் வாய் திறக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையை விட்டுத் தடவ வேண்டும், அதுவும் எஞ்சின் ஆறிய பிறகு. அலுமினியக் குழாய்க்கு ஒரு பிராக்கெட் கொடுத்திருப்பார்கள், இடம் சேரவில்லை என்று அதை மாட்டாமல் விட்டிருந்தால் குழாயின் எடை முழுக்க அந்த ரப்பரில்தான். கழற்றியபோது பிடுங்கிய வேக்யூம் டியூப் ஏதாவது திரும்ப மாட்டாமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்கு எதுவும் படவில்லையென்றால் ஸ்மோக் டெஸ்ட் செய்கிற இடத்துக்குப் போய்விடுங்கள், இன்டேக்குக்குள் புகையை ஏற்றினால் ஓட்டை தானாகக் காட்டிக்கொடுக்கும். ஓடுகிற எஞ்சின்மேல் கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கும் பழைய வித்தை பல மெக்கானிக்குகளிடம் உண்டு, சூடான சைலன்சர் பக்கத்தில் தீப்பிடிக்கிற திரவத்தைத் தெளிப்பது எனக்குச் சம்மதமில்லை.

லீக் இல்லை, சென்சார்தான் குறைத்துச் சொல்கிறது என்றால் குழாயின் அளவைப் பாருங்கள். பலரும் கவனிக்காத இடம் இதுதான். எம்.ஏ.எஃப். சென்சார் தன் முன்னால் ஓடும் காற்றை மட்டும்தான் அளக்கிறது. மொத்தக் குழாய்க்கும் சேர்த்த கணக்கு கம்பெனி குழாயின் விட்டத்தை வைத்துக் கம்ப்யூட்டரில் எழுதப்பட்டிருக்கிறது. உதாரணத்துக்கு, சென்சார் உட்காரும் இடத்தில் கம்பெனி குழாயின் உள்விட்டம் 60 மில்லிமீட்டர், புதுக்குழாய் 70 என்று வையுங்கள். பார்க்க ஒரு விரல் வித்தியாசம்கூட இல்லை, ஆனால் பரப்பு 36 சதவீதம் கூடிவிட்டது. அதே காற்று இப்போது மெதுவாக ஓடும், சென்சார் கால் பங்குக்கு மேல் குறைத்துச் சொல்லும், கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் கூட்டினாலும் எட்டாது. இதற்கு கிளிப்பை இறுக்கியும் பயனில்லை, சென்சாரைக் கழுவியும் பயனில்லை. சென்சார் இடத்தில் கம்பெனி அளவே உள்ள குழாய் வேண்டும், அல்லது அந்தக் குழாய்க்கென்று கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றி எழுத (ரீமேப்) வேண்டும். சென்சாரைத் திருப்பி மாட்டியிருந்தாலும் அளவு தப்பும், உடம்பில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் நம் பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில்தான் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் தொடங்கிவைத்தார்கள், இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் அதுதான். எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு என்பதால் அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிக எரிபொருள் தேவை. பழைய வண்டிகளில் இதனால் மட்டும் ட்ரிம் நான்கைந்து சதவீதம் ஏறி நிற்கலாம். அதனால் மட்டும் விளக்கு எரியாது. ஆனால் தாங்கும் எல்லையில் ஒரு பகுதியை இ20 ஏற்கனவே சாப்பிட்டுவிட்டதால், முன்பு தப்பியிருக்கக்கூடிய சின்னச் சின்ன லீக்குகூட இப்போது விளக்கைக் கொண்டுவந்துவிடும். பெங்களூர் உயரத்தைக் காரணம் சொல்கிறவர்களும் உண்டு. ஊர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் பத்து சதவீதம்போலக் குறைவு, பவர் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியும், கோட் வராது.

இவ்வளவும் செய்யப் பொறுமை இல்லையென்றால் பழைய ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டி, கோட் எண்ணை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். தூக்கிப் போடவில்லை என்று நம்புகிறேன். விளக்கு வரவில்லை, ட்ரிம் இறங்கிவிட்டது என்றால் தீர்ப்பு முடிந்தது. அதுவரை மெதுவாக ஓட்டலாம், ஆனால் முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம். முழு பாரத்தில் கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதை விட்டுவிட்டு எம்.ஏ.எஃப். சொல்வதைத்தான் பெரும்பாலும் நம்பும், அந்தச் சமயத்தில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் தட்டும், வால்வு கருகும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். அப்போது ஓரம் கட்டி நிறுத்துவதுதான் சரி.

கேள்வி: என் சின்ன ஹேட்ச்பேக்கில் அண்ணன் வண்டியில் போட்ட அதே மாதிரி கோன் ஃபில்டர்தான் போட்டிருக்கிறேன். பிரீதர் ஹோஸ்கூட சரியாக மாட்டவில்லை. எனக்கு விளக்கே வரவில்லை, அவருக்கு வருகிறது. ஏன்?
– வாசகர், விவேக் நகர்

பதில்: உங்கள் வண்டியில் எம்.ஏ.எஃப். இருக்காது, மேப் சென்சார் இருக்கும். பல சின்ன பெட்ரோல் கார்கள் அப்படித்தான். அது த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்குப் போடும். முன்னால் குழாய் எப்படி இருந்தாலும், எங்கே ஓட்டை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் உங்களுக்குக் கவலை இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் திறந்த மூக்கு வழியாக ஃபில்டரைத் தொடாத தூசி நேராக சிலிண்டருக்குள் போகிறது, மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் தினமும் ஓட்டினால் என்ன தூசி என்று உங்களுக்கே தெரியும். விளக்கு வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஹோஸை மாட்டுங்கள்.

கேள்வி: இன்டேக் போட்டுக்கொடுத்தவர் விளக்கு வந்தால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிஷம் விடச் சொன்னார். அணைந்துவிடுகிறது, ஆனால் ஒரு வாரத்தில் திரும்ப வருகிறது. கோட் பி0113.
– வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: இந்த வைத்தியத்தைச் சொல்லாத ஆளே இல்லை. டெர்மினலைக் கழற்றினால் கோட் அழியும், கூடவே கோட் விழுந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும், இதுவரை கற்றுக்கொண்ட ட்ரிம் கணக்கும் போய்விடும். தடயத்தை நாமே துடைத்துவிட்டுத் திருடனைத் தேடுவானேன்? கோளாறு உண்மையிலேயே சரியாகியிருந்தால் தொடர்ந்து மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானாகவே அணையும்.

உங்கள் கோட் ரொம்பச் சுலபமானது. பி0113 என்றால் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரிடமிருந்து வோல்டேஜ் அதிகமாக வருகிறது, அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது, கம்ப்யூட்டர் சைபீரியாவில் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பழைய ஏர் பாக்ஸிலோ குழாயிலோ தனியாகச் சொருகியிருந்த அந்தக் குட்டி சென்சாரைப் புதுக்குழாய்க்கு மாற்றாமல் விட்டிருப்பார்கள், அல்லது ஒயரை அதில் சொருகும் கப்ளர் முழுதாக உட்காராமல் குண்டுகுழியில் ஆடி ஆடி விட்டுப்போகிறது, ஒரு வாரம் கழித்து வருவதைப் பார்த்தால் இரண்டாவதுதான். கப்ளரைக் கழற்றி, முனை வளைந்திருக்கிறதா என்று பார்த்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். சில வண்டிகளில் இந்த சென்சார் எம்.ஏ.எஃப்.புக்குள்ளேயே இருக்கும், அப்படியானால் பார்க்க வேண்டியது அந்தக் கப்ளர். புதுக்குழாய் நீளமாகிவிட்டதென்று ஒயரை இழுத்துக் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: உண்மையில் பவர் கூடுகிறதா? போலீஸ், எமிஷன் டெஸ்ட், இன்சூரன்ஸ் தொல்லை உண்டா?
– வாசகர், அல்சூர்

பதில்: டர்போ இல்லாத, வேறெதுவும் மாற்றாத சின்ன எஞ்சினில் கூடுவது மிகக் கொஞ்சம். கூடுவது சத்தம், சத்தம் வந்தால் வேகம் வந்த மாதிரி இருக்கும், அதில் தப்பில்லை, அதற்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும். கம்பெனி ஏர் பாக்ஸ் பெரும்பாலும் கிரில் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும். பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர், சில்க் போர்டு நெரிசலில் ரேடியேட்டர் ஊதுகிற வெந்த காற்றைக் குடிக்கும். காற்று மூன்று டிகிரி சூடாகும்போது அடர்த்தி ஒரு சதவீதம்போலக் குறையும், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

எமிஷன் டெஸ்டில் பின்னால் குழாயில் வருவதைத்தான் பார்ப்பார்கள், டேஷ்போர்டு விளக்கை அல்ல. பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதோடு வேகம் கூட்டி, காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலந்தன என்று காட்டும் லாம்ப்டா அளவும் பார்க்க வேண்டும். பி0171 எரிகிற வண்டி அந்த இரண்டாவதில் மாட்டிக்கொள்ளலாம். சட்டப்படி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் வம்பாக வர வாய்ப்பு நிறைய. வாரன்டி இன்னும் இருக்கிற வண்டியென்றால் என் பதில் ஒரே சொல்லில் வேண்டாம். கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே சரியாக உட்காரும் மாற்று ஃபில்டர் போதும். குழாய் மாறாது, சென்சார் இடம் மாறாது.

கேள்வி: பம்பருக்குக் கீழே ஃபில்டர் வருகிற நீளக் குழாய் வகை நல்லது என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், பெல்லந்தூர்

பதில்: பெல்லந்தூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! குளிர்ந்த காற்றுக்கு அந்த இடம் நல்லதுதான், ஆனால் 2022 செப்டம்பரில் உங்கள் ஏரியாவில் அவுட்டர் ரிங் ரோடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஃபில்டர் தண்ணீரில் முங்கினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராட் வளையும். செலவு எஞ்சின் விலையை நெருங்கிவிடும். இன்சூரன்ஸில் எஞ்சின் புரொடெக்ட் தனியாக எடுக்காதவர்களுக்கு அது கைக்காசு. போடாதீர்கள்.

கேள்வி: எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டரைக் கழுவிப் போட்ட மறுநாளே பி0101 வந்தது. ஃபில்டர் கெட்டுவிட்டதா?
– வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: பி0101 என்றால் எம்.ஏ.எஃப். சொல்லும் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் கெடவில்லை, எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டீர்கள். அது பறந்துபோய் எம்.ஏ.எஃப். கம்பியில் படிந்திருக்கும். எம்.ஏ.எஃப். கிளீனர் என்றே ஸ்ப்ரே விற்கிறது, அதை மட்டும் பயன்படுத்துங்கள்; கார்ப் கிளீனர், பிரேக் கிளீனர் வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, சென்சாரை வெளியே எடுத்து, கம்பியை விரலாலோ பஞ்சாலோ தொடாமல் பத்து முறைபோலத் தெளித்து, தானாகக் காயவிட்டு மாட்டுங்கள். சூடான 1.5 லிட்டர் எஞ்சின் ஐடிலில் வினாடிக்குச் சுமார் 2 முதல் 4 கிராம் காற்று காட்ட வேண்டும், அதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால் இன்னும் அழுக்கு இருக்கிறது. அடுத்த முறை ஃபில்டரைக் கழுவினால் நிழலில் முழுதாகக் காயவிடுங்கள், மடிப்பு மடிப்பாக மெல்லிய கோடு மட்டும் எண்ணெய் விடுங்கள், நிறம் பரவ நேரம் கொடுத்து, பேப்பரில் வைத்துப் பாருங்கள். பேப்பரில் எண்ணெய் ஒட்டினால் இன்னும் மாட்டக்கூடாது.

கேள்வி அனுப்புகிறவர்கள் வண்டியின் வருடம், பெட்ரோலா டீசலா, ஓடிய கிலோமீட்டர், கோட் எண் நான்கையும் எழுதிவிடுங்கள். முடிந்தால் ஐடிலிலும் 2500 ஆர்.பி.எம்.மிலும் ட்ரிம் என்ன என்றும். வெறுமனே “மஞ்சள் விளக்கு எரிகிறது” என்று வருகிற கடிதங்களுக்கு என்னால் ஆறுதல்தான் சொல்ல முடிகிறது.